பதினொன்றாம் தேதிக்கு ஒரு சோடா காப்பி

ஏப்ரல் 21, திங்கள்

காலை 4.50க்கு எழுந்தேன். காப்பி 5.40. பால் பொங்கி அடுப்பு முழுக்க ஓடிவிட்டது. இந்த மாதத்தில் இது ஏழாவது முறை. பாலுக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வரை சாதுவாக இருக்கிறது, பேப்பரை எடுக்கத் திரும்பினால் போதும், வேலையைக் காட்டிவிடுகிறது.

ஈரோட்டில் நூற்றியாறு டிகிரி என்று டிவியில் சொன்னார்கள். அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்கிறார்கள், மொட்டை மாடிக்குக் கீழே குடியிருக்கும் எனக்கு நூற்றிப்பத்து. இந்த வெயிலில் சூடாகக் காப்பி குடிப்பது மடத்தனம். இனி பால் வேண்டாம். டிகாக்‌ஷனை ஃபிரிட்ஜில் வைத்து, ஐஸ் போட்டு, சோடா ஊற்றிக் குடிக்கப்போகிறேன். பிப்ரவரியில் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ஓசூர் போனபோது மாப்பிள்ளை ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே இதைக் கொடுத்தார்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் அடியிலிருந்து குமிழ் குமிழாக ஏறிக்கொண்டே இருந்தது. மனைவி மரகதம் குடித்தாள். நான் குடிக்கவில்லை.

வெயிலுக்காகத்தான். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் முயற்சி. படுதோல்வி. ஃபில்டரில் இறங்கிய டிகாக்‌ஷனை அப்படியே சூடாக டம்ளரில் ஊற்றி, ஐஸ் நாலு துண்டு போட்டு, அதன்மேல் சோடாவைக் கவிழ்த்தேன். பொங்கியது பாருங்கள்! பாலே பரவாயில்லை. மேசை, பேப்பர், வேட்டி எல்லாம் காப்பி. இந்தப் பக்கத்தின் மூலையில் உள்ள பழுப்புக் கறை அதுதான். டம்ளரில் மிஞ்சியதைக் குடித்துப் பார்த்தேன். கஷாயம் தேவலாம்.

ஓசூர்க் கடையில் அந்தப் பெண் எப்படி ஊற்றினாள் என்று நான் கவனிக்கவே இல்லை. ஆர்டர் கொடுத்து எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு நிமிடம். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

கீழே தெருமுனைக் கடையில் சோடா வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து திறந்து ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, பன்னீர் சோடா. ரோஜாப்பூ வாசனையில் காப்பி. கல்யாண வீட்டு வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. வீணாக்கக் கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம், அது நின்றால் ஃபேன் ஓடும் சத்தம். மகள் கோகிலாவின் பிரசவத்துக்கு என்று மரகதம் போன வருடம் பிப்ரவரியில் ஓசூர் போனாள். "மூணு மாசத்துல வந்தர்றனுங்க" என்று சொன்னாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. குழந்தைக்குத் தடுப்பூசி, குழந்தைக்குப் பல், குழந்தைக்குச் சளி. குழந்தை என்றால் அப்படித்தான். கோகிலா வேலைக்குப் போகிறவள். இதில் நான் நினைக்க ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோகிலா போன் செய்தாள். மரகதத்தின் தங்கை மகனுக்கு மே பதினொன்றாம் தேதி இங்கேதான் கல்யாணம். மரகதம் மட்டும் வருகிறாளாம்.

"ஊட்டுக்கு வருவாளா கண்ணு?" என்று கேட்டேன்.

"வருவாங்கப்பா. மண்டபத்துல சாப்ட்டுட்டு மத்தியானமா வருவாங்க. சாயந்தரம் பஸ்ஸுக்குக் கிளம்பிருவாங்க."

"அன்னைக்கே போகோணுமா?"

"அம்மாகிட்டயே கேளுங்கப்பா" என்றாள்.

பாத்திரக் கடைக்குப் போய் உயரமான கண்ணாடி டம்ளர் வாங்கினேன். ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டுமே என்று இரண்டாக வாங்கினேன்.

ஏப்ரல் 30, புதன்

தெருமுனைக் கடையில் சோடா விற்கும் மயில்சாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். இதுவரை அவனோடு "சில்லறை இருக்குதா" என்பதற்கு மேல் பேசியதில்லை. தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏனுங்கண்ணா, சூட்டோட ஊத்துனா பொங்காம என்னுங்க பண்ணும்? கேஸெல்லாம் அங்கியே போயிருமுங்க. டிகாசன ராத்திரியே எறக்கி ஃபிரிட்ஜில வெச்சிருங்க. சோடாவும் ஜில்லுனு இருக்கோணும். முன்னால ஐஸு, அதுமேல சோடா. டிகாசன் கடைசீங்க. கரண்டியத் திருப்பிப் புடிச்சு, அது முதுகு மேல கொஞ்சம் கொஞ்சமா உடோணும்."

"எத்தன நிமிஷம் ஆகும்?"

"அதெல்லாம் நிமிசக் கணக்கு இல்லீங்ண்ணா. அவசரப்பட்டா ஆகாது, அவ்வளவுதானுங்க."

பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தவனிடம் நிமிடக் கணக்கு இல்லை என்கிறான். வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம் என்று எழுதியே ரிட்டயர் ஆனவன் நான். சோடாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 3, சனி

வந்துவிட்டது!

டிகாக்‌ஷன் இரவெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்தது. சிக்கரி இல்லாத பொடி. சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, இரண்டு ஸ்பூன் டம்ளரின் அடியில் விட்டேன். ஐஸ். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து சோடா. பிறகு கரண்டி முதுகில் டிகாக்‌ஷன், நூல் போல. மேலே பழுப்பு, கீழே தெளிந்த சோடா, நடுவில் தேன் நிறத்தில் ஒரு பட்டை. விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நுரை நின்றுவிட்டது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுக் குடித்தேன். நாக்கில் சுருக்கென்று குத்தி, தொண்டையில் குளிர்ந்து, கடைசியில் காப்பியின் கசப்பு மெதுவாக வந்து சேர்ந்தது. ஐயோ, இதையா அன்றைக்கு வேண்டாமென்றேன்.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. எதிர்வீட்டில் ஆளில்லை, வேலைக்குப் போயிருந்தார்கள். இன்னொரு டம்ளர் போட்டு, தட்டால் மூடி, இரண்டு மாடி இறங்கி மயில்சாமி கடைக்கு எடுத்துப்போனேன். அவன் வியாபாரத்தை முடித்துவிட்டு வருவதற்குள் ஐஸ் கரைந்து, குமிழெல்லாம் அடங்கி, சேற்றுத் தண்ணீர் ஆகிவிட்டது. மரியாதைக்குக் குடித்தான். "இது தூக்கிட்டு வார சமாச்சாரம் இல்லீங்ண்ணா. குடிக்கற ஆளு பக்கத்துல உக்காந்திருக்கோணும்" என்றான்.

ஓசூர்க் கடையில் மரகதம் பாதி டம்ளர் குடித்து முடித்திருந்தாள். குமிழ் மூக்கில் ஏறிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பதினாலு நிமிஷம் காக்க வெச்சு இதக் குடுக்கறானா, இதெல்லாம் ஒரு காப்பியா" என்று நான்தான் சொன்னேன். அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டாள். மீதியைத் தொடவில்லை. இதை எழுதியிருக்க வேண்டியதில்லை, எழுதிவிட்டேன்.

மே 5, திங்கள்

மரகதத்துக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க."

"கேஸ் சிலிண்டர் வந்துருச்சு."

"சரீங்க. சாப்டீங்களா?"

"ஆச்சு. பதினொன்னாந்தேதி எத்தன மணிக்கு வருவ?"

"வாரப்ப வாரனுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம் நாற்பது நொடி. வருகிறபோது வருகிறாளாம். முப்பத்து மூன்று வருடத்தில் அவள் எனக்கு இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மே 6, செவ்வாய்

கூஜா ஒன்று பரணில் இருந்தது, ஐஸ் போட்டு வைக்க ஆகுமென்று ஏணி போட்டு ஏறினேன். பழைய டைரிப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. கல்யாணமான வருடத்திலிருந்து எழுதியவை, வருட வரிசையில் அடுக்கி நான் கயிறு கட்டியிருந்தேன். இப்போது வரிசை கலைந்திருக்கிறது. முடிச்சும் நான் போடும் முடிச்சு இல்லை.

1999ஆம் வருட டைரியில் ஒரு ஹேர்பின் செருகியிருந்தது. ஜூன் 14. அப்படியே எழுதுகிறேன்:

"காப்பி 6.15. முப்பத்தைந்து நிமிடம் தாமதம். மாமனார் காலமானதாகத் தகவல். அரை நாள் விடுப்பு."

அன்று விடிகாலையில் எதிர்வீட்டுக்குப் போன் வந்து, மரகதத்தைக் கூப்பிட்டார்கள். போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். காப்பியை என் கையில் கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகுதான் சொன்னாள். டைரியில் அது இல்லை. எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது.

ஹேர்பின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கூஜாவை எடுக்க மறந்து இறங்கிவிட்டேன்.

மே 7, புதன்

சோடா வாங்கவில்லை.

மே 9, வெள்ளி

பெட்டியையே கீழே இறக்கிவிட்டேன். நேற்றும் இன்றும் அதுதான் வேலை. வேறு ஏதாவது எழுதியிருப்பேன் அல்லவா, ஒரு மனுஷி கூடவே இருந்திருக்கிறாள். தேடினேன். "காப்பி எட்டு நிமிடம் தாமதம்." "டிபன் பன்னிரண்டு நிமிடம் தாமதம், கேஸ் தீர்ந்ததாகச் சொல்கிறாள்." "கோவிலுக்குப் போய்த் திரும்ப இருபது நிமிடம் தாமதம்." 1996 அக்டோபரில் ஒரே ஓரிடத்தில் அவள் உடம்பைப் பற்றி இருந்தது: "மரகதத்துக்குக் காய்ச்சல். காப்பி நானே போட்டேன். நன்றாக இல்லை."

அது என் தொழில். ஆபீசில் எழுதியதைப் போலவே வீட்டிலும் எழுதினேன். அடித்தேனா, திட்டினேனா, குடித்துவிட்டு வந்தேனா? சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். யார் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

இன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

மே 10, சனி

மயில்சாமியிடம் ஆறு சோடா. பாட்டில்களைக் குலுக்காமல் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் நிறுத்தினேன். ஐஸ் நான்கு தட்டு. பாகு தயார். டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது. சமையலறை ஜன்னலைத் துடைத்தேன், அடுப்பைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நாற்காலி இரண்டையும் எதிரெதிராகப் போட்டுப் பார்த்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டது போலிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

நாளைக்கு என்ன கேட்பது என்று எழுதிவைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கேட்க வேண்டியது ஒன்றுதான். இங்கேயே இருந்துவிடு என்று கேட்க வேண்டும். அதை இத்தனை நாளும் இந்த நோட்டில் எழுதாமல் சோடாவைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

பட்டுச் சேலையும் தாம்பூலப் பையுமாக ஆட்டோவில் வந்து இறங்கினாள். மண்டபத்திலிருந்து ஒன்றேகாலுக்கு வந்துவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன், வந்தது இரண்டுக்கு. சோடாவைத் திறக்காமல் வைத்திருந்தேன், அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருக்கிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே எப்போதும் இருக்கும் கருப்பு இல்லை. நேராகச் சமையலறைக்குப் போகப் பார்த்தாள்.

"நீ உக்காரு. நான் தாரேன்."

"நீங்களா?" என்றாள்.

அவளுக்கு எதிரிலேயே எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துச் செய்தேன். நுரை விளிம்பு வரை வந்து, பயமுறுத்திவிட்டு, நின்றது. வாங்கி ஒரு வாய் குடித்தாள். குமிழ் மூக்கில் ஏறி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"இது அந்த ஓசூர்க் கடையில குடிச்சதுதானுங்க?"

"அதேதான்."

"அதவிட நல்லா இருக்குதுங்க. அங்க தித்திப்பு நெம்ப எச்சு."

"அன்னைக்குக் கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அதையவா நெனச்சுட்டிருக்கீங்க" என்று டம்ளரைப் பார்த்தாள். நான் மூலையில் கிடந்த பெட்டியைக் காட்டினேன். "அதையும் படிச்சேன். ஹேர்பின் பாத்தேன்."

திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "கோகிலாளோட சின்ன வயசு போட்டோ எதாச்சும் கெடைக்குமான்னுதான் பொட்டிய எறக்குனனுங்க. ஓசூர் போறதுக்கு முந்துன வாரம். படிக்கோணும்னு எடுக்கல."

"அது தொழில் பழக்கம், மரகதம். நேரத்துக்கு வார வண்டிய நாங்க குறிக்க மாட்டோம். லேட்டானாத்தான் குறிப்போம்."

"தெரியுமுங்க." டம்ளரை மேசைமேல் மெல்லத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "அப்ப மித்த நாளெல்லாம் நான் இந்த ஊட்ல இருந்தேன்னே எங்கியும் இல்லீங்களே."

கோபமில்லை, அழுகையில்லை. தப்புத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. "இன்னொண்ணு தாரட்டுமா?" என்றேன்.

"தாங்க" என்றாள். அவள் எதையும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

ஓசூர் பஸ் மூன்றே முக்கால். பஸ் ஸ்டாண்டுக்குப் போக இருபது நிமிடம் வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. எனக்குத் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் வாயைத் திறக்கவில்லை. ஐஸை ஒவ்வொன்றாகப் போட்டேன். சோடாவை நிதானமாக ஊற்றினேன். அவள் பேத்தி நடக்கிற கதையைச் சொன்னாள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி வைத்து, யாரோ தள்ளிவிட்டது போலத் திரும்பி முறைக்கிறாளாம். நான் கேட்டுக்கொண்டே டிகாக்‌ஷனைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

பாதி டம்ளரில் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, பஸ்ஸு போயிருக்குமே?"

"போயிருக்கும்."

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"சொல்லல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மீதியை மெதுவாகக் குடித்தாள். அடுத்த பஸ் ஐந்தே கால்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். டிரைவர் ஏறிவிட்டான். இனி கேட்காவிட்டால் கேட்கவே முடியாது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "மரகதம், நீ வந்துரு. நம்ம ஊட்டுக்கே வந்துரு. என்னால தனியா முடியல."

அவள் முகம் ஒரு கணம் இளகியது. வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் வரலீங்க" என்றாள். "கோவமெல்லாம் இல்லீங்க. இருந்துச்சு, இப்ப இல்ல. அங்க நான் காலைல ஆறரைக்குத்தானுங்க எந்திரிக்கிறேன். கோகிலா எழுப்ப மாட்டா. சன்னல்ல வெளிச்சம் வந்து, தானா முழிப்பு வருது. முப்பத்தி மூணு வருசமா அப்படியொரு தூக்கம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. அத உட்டுப்போட்டு வர மனசில்லீங்க."

வண்டி நகர்ந்தது. கம்பியிலிருந்து நான் கையை எடுக்கவில்லை, கூடவே நாலு அடி நடந்தேன். என் கைமேல் அவள் கையை வைத்து, எடுத்துவிட்டாள். "போன் பண்ணுங்க" என்றாள்.

மே 12, திங்கள்

4.50க்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம், என்ன செய்வது.

இரண்டு டம்ளரையும் கழுவினேன். சோடா நான்கு மிச்சம் இருந்தது. ஒன்றைத் திறந்து எனக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் வந்தது. பக்கத்து நாற்காலியை எடுத்து உள்ளே போடலாமா என்று பார்த்தேன், மனம் வரவில்லை.

மரகதத்திடம் பேச வேண்டும் போலிருந்தது. நேற்று சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அவள் அப்பா இறந்த அன்று அவள் காப்பி போட்டுக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, தாமதம் என்று எழுதிவைத்தேன், அது தப்பு, அதைச் சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுத்தபோது ஐந்தே முக்கால். எத்தனையோ காலைகளில் இந்த நேரத்துக்கு அவள் எழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் பால்காரன் போனான். பேப்பர் வந்து விழுந்தது, நான் எடுக்கப் போகவில்லை.

ஆறரை ஆனது. எழுந்திருப்பாள். எண்ணை அழுத்தப் போனேன். நேற்றுப் பயண அலுப்பு இருக்கும், ஒருவேளை இன்னும் எழுந்திருக்கவில்லையோ என்னவோ.

ஏழு மணி ஆகிறது. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்.